இத்தாலி: ரோம், நேப்பிள்ஸ், பொலோன்யா, ஃப்ளாரன்ஸ். எந்த ஊரில் எதைச் சாப்பிட வேண்டும்? (சைவம் சாப்பிடுபவரும் உண்டு)

#1 வைகைக்கரை

மார்ச் கடைசியில் குடும்பமாக இத்தாலி போகிறோம். ரோமில் இறங்கி, அங்கிருந்து நேப்பிள்ஸ், பிறகு பொலோன்யா, கடைசியில் ஃப்ளாரன்ஸ். எல்லாம் ரயில்தான். தம்பியும் நானும் எல்லாம் சாப்பிடுவோம். அப்பா மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டார். அம்மா முழு சைவம். முட்டையும் கிடையாது, பால் பொருள் சரி. பீட்சாவும் பாஸ்தாவும் இங்கேயே கிடைக்கின்றன. அந்தந்த ஊருக்குப் போனால்தான் சரியாகக் கிடைக்கும் பாரம்பரியச் சாப்பாடு எது, பார்த்து வாங்குவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடைப் பெயர் வேண்டாம், பதார்த்தம் பற்றிய விவரம் போதும்.

#2 அடுப்படி

வைகை, இத்தாலியில் சமையல் இன்றைக்கும் ஊர்வாரிதான். பெஸ்தோ ஜெனோவாவுடையது, குங்குமப்பூ ரிசோத்தோ மிலானுடையது. ரோமில் ஒரே மெனுவில் கார்போனாரா, பெஸ்தோ, லசான்யா, ரிசோத்தோ எல்லாம் படத்தோடு நாலைந்து மொழியில் இருந்து, வாசலில் ஒருவர் நின்று கூப்பிட்டால், அடுத்த தெருவுக்கு நடந்துவிடுங்கள்.

ரோமில் நாலு பாஸ்தா. நாலும் ஒரே குடும்பம், ஒன்றின் மேல் ஒன்று கட்டியது. பெக்கோரினோ ரோமானோ (செம்மறியாட்டுப் பால் சீஸ்), மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர் மட்டும் சேர்ந்தால் காச்சோ எ பெப்பே. அதில் குவான்சாலே சேர்ந்தால் க்ரீச்சா. குவான்சாலே என்பது பன்றியின் தாடைக் கறியை உப்பும் மிளகும் தடவிப் பல வாரம் உலரவைத்தது. க்ரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமட்ரிச்சானா, தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால் கார்போனாரா. முடிந்தால் இந்த வரிசையிலேயே வேளைக்கு ஒன்றாகச் சாப்பிடுங்கள். எது எதைக் கூட்டுகிறது என்று நாக்குக்கே தெரியும்.

தட்டில் என்ன பார்க்க வேண்டும்?

காச்சோ எ பெப்பேதான் சமையல்காரருக்குக் கடினமான சோதனை. சூடு 65 டிகிரியைத் தாண்டும்போது சீஸின் புரதம் சுருண்டு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். பாஸ்தா தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்துதான் அதைத் தடுக்கிறது. சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரியாது என்று 2025-ல் வெளியான ஒரு இயற்பியல் ஆய்வு அளந்தே சொல்லிவிட்டது. ஆகவே தட்டில் நூல்நூலாகவோ கட்டியாகவோ சீஸ் இருந்தால் அடுப்பிலிருந்து இறக்காமல் கலந்திருக்கிறார்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் மாவுச்சத்து போதவில்லை. வெள்ளை வெளேரென்று, காரமும் உப்பும் மட்டாக இருந்தால் வெண்ணெயோ க்ரீமோ ஊற்றியிருக்கிறார்கள். பெக்கோரினோ இயல்பிலேயே நல்ல உப்பு, இந்தப் பாஸ்தா சற்றுத் தூக்கலாகத்தான் இருக்கும். அது குறையல்ல.

கார்போனாராவில் க்ரீம், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. நிறம் மஞ்சள் கருவின் நிறமாக இருக்க வேண்டும், முட்டை எங்கேயும் பொரியலாக உதிரக்கூடாது. குவான்சாலே வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக இருந்தால் குளிர்ந்த சட்டியில் போட்டு மெதுவாகக் கொழுப்பை உருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அமட்ரிச்சானாவின் சொந்த ஊர் அமட்ரிச்சே, ரோமுக்கு வடகிழக்கே மலையில் இருக்கிறது. 2016 நிலநடுக்கத்தில் சிதைந்த ஊர் அதுதான். அந்த ஊரில் ஸ்பகெட்டி, ரோமில் பெரும்பாலும் நடுவில் ஓட்டையுள்ள புகாத்தினி. இரண்டும் சரி.

#3 நெய்விளக்கு

அம்மாவுக்காக எழுதுகிறேன். இதைப் போகும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இத்தாலியின் பெரிய சீஸ்கள் ஏறக்குறைய எல்லாமே ரென்னெட் போட்டுத் திரித்தவை. ரென்னெட் என்பது பால்குடி மறக்காத கன்றின் நாலாவது இரைப்பையிலிருந்து எடுப்பது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்றின் ரென்னெட் கட்டாயம், அதன் சட்டவிதியே அப்படி. பெக்கோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டி ரென்னெட். எருமைப்பால் மொஸ்ஸரெல்லாவிலும் கன்று ரென்னெட். கிரானா பதானோவில் அதோடு முட்டையிலிருந்து எடுத்த லைசோசைமும் சேர்ப்பதுண்டு. ரிக்கோட்டா, சீஸ் எடுத்தபின் மிஞ்சும் மோரைக் காய்ச்சி எடுப்பது. அந்த மோரிலும் ரென்னெட் ஏற்கெனவே இருக்கிறது. மஸ்கார்போனே மட்டும் க்ரீமைப் புளிப்பு சேர்த்துத் திரிப்பது, ரென்னெட் கிடையாது. ஆனால் அது பெரும்பாலும் வந்து சேர்வது தீராமிசுவில், அதில் முட்டை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத பன்றிக்கொழுப்பு. இத்தாலியனில் ஸ்ட்ருத்தோ, நேப்பிள்ஸ் பேச்சில் ன்சோஞ்ஞா. நேப்பிள்ஸின் ஸ்ஃபொல்யதெல்லா, மிளகும் பாதாமும் போட்ட தாரல்லி, பொலோன்யாவின் பொரித்த க்ரெஷெந்தினா, ரோமான்யா பக்கத்துப் பியதீனா, எல்லாவற்றிலும் மரபாக இதுதான். மாவுப்பண்டம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது நெத்திலி. அச்சூகா, அலீச்சி என்று இரண்டு பெயரிலும் வரும். எண்ணெயில் கரைந்துபோவதால் பார்த்தால் தெரியாது. ரோமின் புன்தரெல்லே சாலட், தெற்கே புல்யாவின் கீரை போட்ட ஓரெக்கியெத்தே பாஸ்தா, நேப்பிள்ஸின் ஸ்கரோலா கீரை அடைத்த பீட்சா, மூன்றிலும் உண்டு.

நாலாவது, சூப்பின் ப்ரோதோ. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கறித் தண்ணீரில் கொதித்திருக்கலாம்.

#4 கல்தோசை

நெய்விளக்கு அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அப்படியே எடுத்துக்கொண்டால் அம்மா எதைக் கண்டாலும் தயங்க ஆரம்பித்துவிடுவார். இந்தியாவில் தயாராகும் சீஸ் பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னெட்டில் திரித்தது, அதனால் இந்தக் கேள்வியே நம் வீடுகளில் எழுந்ததில்லை. கிளம்பும் முன் அவரிடமே கேட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்: ரென்னெட் சீஸ் பரவாயில்லையா, கூடாதா? இத்தாலியில் சைவம் சாப்பிடுபவர்கள் பலரே இந்தச் சீஸைச் சாப்பிடுகிறார்கள், ஆகவே பரிமாறுபவர் தானாக எச்சரிக்க மாட்டார்.

கூடாது என்றால் சொல்ல வேண்டியது, “சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ” (சீஸ் இல்லாமல்). மற்றவை:
“சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே, சென்ட்சா உவோவா”: கறி, மீன், முட்டை இல்லாமல்.
“ச்சே லோ ஸ்ட்ருத்தோ?”: பன்றிக்கொழுப்பு இருக்கிறதா?
“ச்சே லச்சூகா?”: நெத்திலி இருக்கிறதா?
“இல் ப்ரோதோ எ வெஜெத்தாலே?”: கொதிநீர் காய்கறியுடையதா?

சைவம் என்று பொதுவாகச் சொல்வதைவிட இப்படிப் பொருள் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் நேரான பதில் வரும். இன்னொன்று, காய்ந்த பாஸ்தா துரும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. முட்டை வருவது வடக்கே, குறிப்பாகப் பொலோன்யா இருக்கும் எமிலியா-ரோமான்யாவின் புதுப் பாஸ்தாவில். மெனுவில் “ஆல்லுவோவோ” என்றிருந்தால் முட்டை.

#5 சுக்குமிளகு

மார்ச் கடைசியில் ரோம் போகிறவர்களுக்கு ஆர்ட்டிசோக்கைவிட (காயாகச் சமைக்கும் பூமொட்டு) முக்கியமானது எதுவும் இல்லை என்பேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அதன் பருவம். ரோமானெஸ்கோ வகை, உருண்டையாக முள்ளில்லாமல் இருக்கும், உள்ளே தொண்டையில் சிக்கும் நாரும் கிடையாது. அதனால் முழுசாகவே சாப்பிடலாம்.

இரண்டு விதம். கார்ச்சோஃபி அல்லா ஜுதியா, ரோமின் யூதக் குடியிருப்பின் பண்டம். வெளி இதழ்களைச் சுற்றிச் சுற்றிச் சீவி, எலுமிச்சைத் தண்ணீரில் போட்டு, ஈரம் துடைத்து, முதலில் மிதமான எண்ணெயில் உள்தண்டு மெத்தென்று ஆகும்வரை பொரிப்பார்கள். எடுத்து ஆறவைத்து, இதழ்களைப் பூவாக விரித்து, 180 டிகிரி அளவுக்குக் காய்ந்த எண்ணெயில் தலைகீழாக இரண்டாம் முறை. இதழ் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும், நடுப்பகுதி வெண்ணெயாக வெட்டுப்பட வேண்டும். கடித்தால் எண்ணெய் வழிந்தால் இரண்டாவது எண்ணெய் காயவில்லை. நடுவில் நார்நாராக இருந்தால் முதல் பொரியலில் அவசரப்பட்டிருக்கிறார்கள். ஆர்ட்டிசோக், எண்ணெய், உப்பு தவிர வேறொன்றும் இல்லை. அம்மா தயங்காமல் சாப்பிடலாம். போர்திகோ தொத்தாவியா தெருவில் வரிசையாகக் கிடைக்கும். பொரித்து அடுக்கி வைத்ததைச் சூடுகாட்டித் தரும் இடத்தில் வாங்காதீர்கள். உத்தரவு சொன்னபின் சில நிமிடம் காத்திருக்க வைத்தால் நல்லதுதான்.

இன்னொன்று அல்லா ரோமானா. பூண்டும் மென்தூச்சா என்ற புதினா இனமும் உள்ளே அடைத்து, எண்ணெயும் தண்ணீரும் (சிலர் ஒயினும்) ஊற்றி மூடி வேகவைப்பது. ஆறிய பிறகுதான் ருசி ஏறும், சூடாக வரவில்லையே என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அதே பருவத்தில் புன்தரெல்லே. சிக்கரி இனத்துத் தண்டை மெலிதாகக் கிழித்துப் பனிநீரில் போட்டுச் சுருளவைத்தது. கசப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து அருமையாக இருக்கும். நெத்திலி உண்டு, மேலே சொல்லிவிட்டார்கள்.

#6 வைகைக்கரை

இவ்வளவு விவரத்துக்கு மிக்க நன்றி. அம்மாவிடம் பேசினேன், ரென்னெட் சீஸ் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். உணவகத்தில் உட்காரும் முறை, நேரம், பில்லில் வரும் மேல்செலவு பற்றியும் யாராவது சொன்னால் உதவும். காப்பிக்கு முதலில் காசு கட்ட வேண்டுமாமே?

#7 தண்டவாளம்

நேரம்: மதியம் 12:30 முதல் 2:30 வரை, இரவு 7:30-க்கு மேல். நடுவில் அடுப்பு அணைந்துவிடும். 4 மணிக்குப் பசித்தால் பேக்கரி, பீட்சா அல் தால்யோ (வெட்டி எடை போட்டுத் தரும் பீட்சா), அல்லது பார் (அங்கே அது காப்பிக்கடை). நாள் முழுக்கச் சமையல் உண்டு என்று பலகை வைத்த இடங்கள் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களை நம்பி நடப்பவை.

மெனு வரிசை: அந்திபாஸ்தி (முன்னுணவு), ப்ரிமி (பாஸ்தா, அரிசி, சூப்), செகொந்தி (கறி, மீன்), கொந்தொர்னி (காய்), தோல்ச்சி (இனிப்பு). எல்லாம் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. ஆளுக்கு ஒரு ப்ரிமோ, மேசைக்கு இரண்டு கொந்தொர்னோ என்பது நாலு பேருக்குப் போதும். செகொந்தோவுக்குக் காய் தனியாகத்தான் வாங்க வேண்டும், தட்டில் கறி மட்டும் வரும். சைவக்காரருக்குக் கொந்தொர்னிப் பக்கம்தான் உதவி.

பில்: கொபேர்தோ என்பது தலைக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம். பெரும்பாலும் 1 முதல் 3 யூரோ, மெனுவில் எழுதியிருக்க வேண்டும். ரோம் இருக்கும் லாட்சியோ மாகாணத்தில் அதை வாங்கக்கூடாது என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே ரொட்டிக்கு, “பானே” என்று தனியாகப் போடுவார்கள். வேண்டாமென்றால் ரொட்டி வந்ததுமே திருப்பிவிடுங்கள். மெனுவில் பதார்த்தத்தின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறையவைத்த பொருள். மீனும் பெரிய கறித்துண்டும் “ஆல்லெத்தோ” என்று 100 கிராம் கணக்கில் விலை போட்டிருப்பார்கள். தட்டு விலை என்று நினைத்து வாங்கிப் பில்லைப் பார்த்துத் திகைப்பது இங்கேதான். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காப்பி: ரயில் நிலையத்திலும் கூட்டமான பார்களிலும் முதலில் காசாவில் (கல்லா) பணம் கட்டி, சீட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போக வேண்டும். சிறிய பாரில் குடித்துவிட்டுக் கட்டலாம். நின்று குடிக்கும் விலை வேறு, மேசையில் உட்கார்ந்தால் வேறு; பிரபலமான சதுக்கங்களில் மூன்று மடங்குக்கு மேலும் போகும். “லாத்தே” என்று மட்டும் கேட்டால் வெறும் பால் வரும், “கஃபே லாத்தே” என்று சொல்லுங்கள்.

ரோமில் தெருக் குழாய்களில் ஓயாமல் ஓடும் தண்ணீர் குடிக்கத் தக்கது. பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

#8 கல்தோசை

நேப்பிள்ஸ் என் பங்கு.

பீட்சா இங்கேயே கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நேப்பிள்ஸ் பீட்சா வேறு பண்டம், தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள். மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், இந்த நாலைத் தவிர எதுவும் கிடையாது. எண்ணெயும் சர்க்கரையும் கூட. 1984-ல் தொடங்கிய நேப்பிள்ஸ் பீட்சா சங்கம் எழுதிவைத்த விதியின்படி மாவு உருண்டை 200 முதல் 280 கிராம், கையாலேயே விரிக்க வேண்டும், உருட்டுக்கட்டை கூடாது. கையால் நடுவிலிருந்து வெளியே தள்ளும்போது உள்ளிருக்கும் காற்று ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதுதான் அந்த உப்பிய கொர்னிச்சோனே. கட்டையால் உருட்டினால் காற்றெல்லாம் போய் ஓரம் தட்டையாகிவிடும். விறகு அடுப்பின் சூடு 430 டிகிரி அளவில் இருக்கும், வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. அவ்வளவு சீக்கிரம் வெந்து எடுப்பதால்தான் ஓரத்தில் கரும்புள்ளி விழுந்தும் மாவு உள்ளே ஈரமும் மென்மையுமாக நிற்கிறது. வீட்டு அவனின் 250 டிகிரியில் வேகவைத்தால் அது சிவக்கும் முன் காய்ந்துவிடும். பீட்சா சுடும் அந்தக் கைவேலையை 2017-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அம்மாவுக்கு மரினாரா. தக்காளி, பூண்டு, ஓரெகனோ, எண்ணெய் மட்டும். பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது, சீஸும் கிடையாது. சைவத்துக்காகச் செய்த மாற்று என்று நினைக்க வேண்டாம், மார்கெரீத்தாவோடு சேர்ந்து இந்த ஊரின் இரண்டு மூலப் பீட்சாவில் ஒன்று. நல்ல தக்காளியா, மட்டமான தக்காளியா என்பது இதில் ஒளிய முடியாது.

தெருவில்: நாலாக மடித்துக் கையில் தரும் பீட்சா ஆ போர்தஃபோல்யோ. ஸ்கல்யோத்ஸி என்று முக்கோணமாக வெட்டிப் பொரித்த மக்காச்சோளக்களி, மாவும் எண்ணெயும் உப்பும்தான், அம்மாவுக்கு ஆகும். உருளைக்கிழங்குக் குரோக்கெயில் முட்டையும் சீஸும் உண்டு, அவருக்கு ஆகாது. பொரித்த பீட்சாவில் ரிக்கோட்டாவோடு பன்றித் துணுக்கு வைப்பார்கள், அது உங்களுக்கும் தம்பிக்கும்.

எருமைப்பால் மொஸ்ஸரெல்லாவைத் தனியாக ஒரு உருண்டை வாங்கிச் சாப்பிடுங்கள். அன்று காலை செய்தது வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் தோல் இறுகி நார் ரப்பராகிவிடும். அதன் நீரிலேயே, அறை வெப்பத்தில் வைத்து அன்றே முடித்துவிட வேண்டும். கத்தி வைத்ததும் பால் கசிய வேண்டும். கசியாமல் உலர்ந்திருந்தால் இரண்டு மூன்று நாள் ஆனது.

ஈஸ்டருக்கு முந்தைய வாரங்கள் என்றால் பஸ்த்தியேரா. பாலில் வேகவைத்த முழுக்கோதுமை, ரிக்கோட்டா, முட்டை, சர்க்கரையிட்ட ஆரஞ்சுத்தோல், ஆரஞ்சுப்பூ நீர். சுட்டு இரண்டு நாள் கழித்துத்தான் ருசி கூடிவரும், அதனால் வீடுகளில் பெரிய வியாழனன்றே செய்து ஞாயிறு வரை வைப்பார்கள். சூடாக இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

#9 சுக்குமிளகு

கல்தோசை தம்பி, நேப்பிள்ஸ் பீட்சாவை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் ஈரமாக இருப்பது எல்லோருக்கும் பிடிக்காது, வேகவில்லை என்று தட்டைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ரோம்தான். ரோமின் வட்டப் பீட்சா உருட்டுக்கட்டையால் மெல்லிசாக விரித்தது, மாவில் எண்ணெய் உண்டு, ஓரம் உப்பாது.

அதைவிட உபயோகமானது பீட்சா அல் தால்யோ. நீளத் தட்டில் சுட்டு, கத்தரியால் வெட்டி எடை போட்டுத் தருவது. எவ்வளவு என்று கையாலேயே காட்டினால் போதும். அதிலே “பீட்சா ரொஸ்ஸா” தக்காளியும் எண்ணெயும் மட்டும். “பீட்சா பியாங்கா” எண்ணெயும் உப்பும். இரண்டும் காலை நேரத்தில் பேக்கரிகளில் சூடாகக் கிடைக்கும். மாவில் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அம்மாவுக்கு வாங்குங்கள்.

#10 அடுப்படி

பொலோன்யா. அப்பாவுக்கு இங்கே கவனம் தேவை, ராகூவில் (பாஸ்தாவுக்கான கொத்துக்கறிக் குழம்பு) மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சேர்ந்தே வரும். பொலோன்யா வர்த்தகச் சபை 1982-ல் இதன் செய்முறையைப் பதிவு செய்தது, 2023-ல் திருத்தியது. மாட்டுக்கறிக் கொத்து, பன்செத்தா (பன்றி வயிற்றுக்கறி), வெங்காயம், காரட், செலரி, ஒயின், கொஞ்சம் தக்காளி, இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாக. தக்காளி கொஞ்சம்தான். தட்டு சிவந்து நின்றால் அது இந்த ஊர் ராகூ அல்ல. பூண்டு கிடையாது.

ராகூ விழ வேண்டியது தாலியாத்தெல்லேயில். முட்டை மாவை மரப்பலகையில் மரக்கட்டையால் தேய்ப்பதால் அதன் மேல்புறம் சொரசொரப்பாகிறது, கறித் துணுக்கு அதில் ஒட்டுகிறது. வழவழப்பான ஸ்பகெட்டியில் போட்டால் கறி எல்லாம் தட்டின் அடியில் தங்கிவிடும். அதனால்தான் அந்த ஊரில் அதைப் பரிமாறுவதில்லை. வெந்த தாலியாத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-ல் பதிவு. ஊர் நடுவில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு.

தொர்தெல்லினி இன் ப்ரோதோ, அதாவது கறித் தெளிசாற்றில் மிதக்கும் சின்னஞ்சிறு முடிச்சுகள். உள்ளே பன்றி முதுகுக்கறி, ப்ரொஷூத்தோ (உலர்த்திய பன்றித் தொடை), மொர்த்ததெல்லா (பன்றிக்கறியில் செய்த தடித்த சாசேஜ்), பார்மிஜானோ, முட்டை, ஜாதிக்காய். சாறு சேவற்கோழியில் வைப்பார்கள், மாட்டெலும்பும் சேரும். அப்பாவுக்காகக் கேட்டுவிடுங்கள். க்ரீமில் போட்டும் தருவார்கள், ஆனால் ருசி தெரிவது சாற்றில்தான்.

தொர்தெல்லினி வேறு, தொர்தெல்லோனி வேறு. பின்னது பெரியது, உள்ளே ரிக்கோட்டாவும் பார்ஸ்லியும், மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். அப்பாவுக்கு இது சரி.

மொர்த்ததெல்லாவைக் கண்ணாடி போல் மெலிதாகச் சீவச் சொல்லி, வெறும் ரொட்டியில் வைத்துச் சாப்பிடுங்கள்.

#11 நெய்விளக்கு

அம்மாவுக்கு நாலு ஊரில் பொலோன்யாதான் கஷ்டம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்தாவில் முட்டை, ரொட்டியில் கொழுப்பு, எல்லாவற்றின் மேலும் பார்மிஜானோ. வெங்காயமும் தக்காளியும் மணிக்கணக்கில் வதக்கிய ஃப்ரிஜ்ஜோனே என்று ஒன்று உண்டு, பார்த்தால் சைவம், மரபுச் செய்முறையில் பன்றிக்கொழுப்பு. எண்ணெயில் செய்ததா என்று கேட்டால் சில இடத்தில் கிடைக்கும். “பியதீனா ஆல்லோல்யோ” என்று கேட்டால் ஆலிவ் எண்ணெய் மாவில் சுட்டது தருவார்கள், உள்ளே வாட்டிய காய் வைக்கச் சொல்லலாம். காய்ந்த பாஸ்தாவில் “அல் பொமொதோரோ, சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ” எங்கேயும் செய்து தருவார்கள். பொலோன்யாவில் ஓர் இரவு குறைத்து ஃப்ளாரன்ஸில் ஓர் இரவு கூட்டினால் அவருக்கு நிம்மதி.

#12 தண்டவாளம்

பொலோன்யாவிலிருந்து வாங்கிவர இரண்டு பொருள். இரண்டிலும் ஏமாற வழியுண்டு.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ: முதல்நாள் மாலைப் பாலை இரவு முழுக்க வைத்து ஆடை நீக்கி, மறுநாள் காலைப் பாலோடு செம்புக் கொப்பரையில் கலந்து செய்வது. ஒரு சக்கரத்துக்கு 550 லிட்டர் அளவுக்குப் பால், எடை சுமார் 40 கிலோ. குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். சாப்பிட 24 மாதம் ஆனதும் 36 மாதம் ஆனதும் நல்லது. தோலில் புள்ளிப்புள்ளியாகப் பெயர் பொறித்திருக்கும், தோல் இல்லாத துண்டை வாங்காதீர்கள். “சொத்தொவூத்தோ” என்று கேட்டால் காற்றை உறிஞ்சிப் பொதிந்து தருவார்கள். செய்வதைப் பார்க்கப் பண்ணைகளில் முன்பதிவு செய்யலாம், ஆனால் வேலை காலையில்தான். 11 மணிக்குப் போனால் கிடங்கை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

பல்சாமிக்: “அச்சேத்தோ பல்சாமிக்கோ த்ரதிட்சியோனாலே” என்றிருந்தால் காய்ச்சிய திராட்சைச்சாறு மட்டும், மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 வருடம், “எக்ஸ்த்ராவெக்யோ” என்றால் 25 வருடம். மோதெனாவுடையது 100 மில்லி குண்டுக் குப்பியில் மட்டும் வரும். “த்ரதிட்சியோனாலே” என்ற சொல் இல்லாவிட்டால் அது ஒயின் வினிகர் கலந்த வேறு பொருள், சாலட்டுக்கு நன்றாகவே இருக்கும், விலை மட்டும் அதற்குத் தக்கபடி கொடுங்கள். பழையதைச் சமைக்காதீர்கள். சீஸ் துண்டின் மேல் சில சொட்டு போதும். இரண்டையும் பெட்டிச் சாமான்களில் வையுங்கள், கையில் எடுத்துச்செல்லும் பையில் திரவம் பல விமான நிலையங்களில் இன்னும் 100 மில்லி வரைதான்.

#13 சுக்குமிளகு

ஃப்ளாரன்ஸ், அது இருக்கும் தோஸ்கானா மாகாணத்துச் சமையல். இங்கே அம்மாவுக்கு நிறைய இருக்கிறது.

ரொட்டியில் உப்பு கிடையாது. வெறும் வாயில் சப்பென்றிருக்கும், ஆனால் இந்த ஊர்ச் சமையலில் பாதி அந்த ரொட்டி பழசானபின் தொடங்குகிறது. ரிபொல்லித்தா: கறுப்புக் கீரைக்கோஸ், வெள்ளைப் பீன்ஸ், பழைய ரொட்டி, மறுநாள் திரும்பக் கொதிக்கவைத்தது. கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணியாக வந்தால் அன்றே கொதித்த காய்கறிச் சூப்தான். பப்பா அல் பொமொதோரோ: அதே ரொட்டி தக்காளியில் கரைந்தது. இரண்டிலும் சீஸும் ப்ரோதோவும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபஜோலி ஆல்லுச்செல்லெத்தோ, சேஜ் இலையும் தக்காளியும் போட்ட பீன்ஸ். பீச்சி ஆல்லல்யோனே, முட்டையில்லாத மாவைக் கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, தக்காளியும் பெரிய பல் பூண்டும். சியெனா பக்கத்தது, ஃப்ளாரன்ஸிலும் கிடைக்கும். சிலர் மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் தம்பிக்கும் பிஸ்தெக்கா. எலும்போடு மூன்று விரல் கனம், ஒன்று முதல் ஒன்றரை கிலோ, கரியில் சுட்டது, உள்ளே சிவப்பாகத்தான் தருவார்கள். நன்றாக வேகவைத்துத் தரச் சொன்னால் மறுப்பார்கள். அந்தக் கனத்தை உள்வரை வேகவைத்தால் வெளிப்புறம் தோலாகிவிடும். சிவப்பு ஆகாதென்றால் அதை விட்டுவிட்டு லம்ப்ரெதொத்தோ வாங்குங்கள். மாட்டின் நாலாவது இரைப்பையைச் சாற்றில் வேகவைத்து, பச்சைச் சட்னியோடு பன்னில். பன்னின் மேல்பாதியை அந்தச் சாற்றில் நனைத்துத் தரச் சொல்ல வேண்டும், “பன்யாத்தோ”. தள்ளுவண்டிகளில் மதியம்தான் நன்றாக இருக்கும்.

#14 வைகைக்கரை

அப்படியே குறித்துக்கொண்டேன். ஜெலாத்தோவும் காலை உணவும் பாக்கி. அம்மாவுக்கு முட்டையில்லாத ஜெலாத்தோ கிடைக்குமா?

#15 கல்தோசை

கிடைக்கும். “க்ரேமா”, “சபயோனே” இரண்டிலும் முட்டை. “ஃபியோர் தி லாத்தே” பெரும்பாலும் பாலும் சர்க்கரையும்தான், ஆனாலும் கேளுங்கள். பழ வகைகள் பல தண்ணீரில் செய்தவை, பாலும் இராது. நல்ல கடையை நிறத்தில் கண்டுபிடிக்கலாம். பிஸ்தா மங்கிய பழுப்புப் பச்சை, வாழைப்பழம் சாம்பல் வெள்ளை. பளிச்சென்ற பச்சையும் மஞ்சளும், மலையாகக் குவித்து வைத்ததும் வேண்டாம். காற்றும் கெட்டிப்படுத்தும் பொருளும் அதிகம் சேர்த்தால்தான் அந்தக் குவியல் நிற்கும். மூடி போட்ட ஆழமான உலோகக் குடுவையில் வைத்திருந்தால் தைரியமாக வாங்குங்கள்.

காலை உணவு அங்கே பேருக்குத்தான்: காப்பியும் கொர்னெத்தோவும் (பிறை வடிவ பன்). அதில் முட்டை உண்டு. அம்மாவுக்குப் பீட்சா பியாங்காவும் பழமும் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

#16 நெய்விளக்கு

ஒரே ஒரு யோசனை. அடுத்த முறையாவது சிசிலித் தீவின் பலேர்மோவைச் சேருங்கள். பனெல்லே என்று கொண்டைக்கடலை மாவைக் களியாகக் கிண்டி, மெலிதாகப் பரப்பி, வெட்டிப் பொரித்து எள் தூவிய பன்னில் வைத்துத் தருவார்கள். கப்பொனாத்தா, கத்தரிக்காயைப் பொரித்து வினிகரும் சர்க்கரையும் சேர்த்தது. பாதாம் க்ரனீத்தா, தண்ணீர், பாதாம், சர்க்கரை. அம்மாவுக்கு நாள் முழுக்கச் சாப்பிட இருக்கும்.

#17 தண்டவாளம்

கடைசியாகத் திட்டம் போடும்போது பார்க்க: ஞாயிறு இரவும் திங்கள் முழுக்கவும் நிறைய உணவகங்களுக்கு விடுமுறை. பொலோன்யாவுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் இடையே விரைவு ரயிலில் 40 நிமிடம்கூட ஆகாது, ஆகவே பொலோன்யாவில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டே கிளம்பலாம். ஈஸ்டர் ஞாயிறும் மறுநாள் திங்களும் உங்கள் தேதிக்குள் விழுந்தால் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் மேசையை முன்னதாகவே பதிவு செய்யுங்கள். அம்மாவுக்கு எது கூடாது என்பதைப் பதிவின்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். பண்டிகை நாளில் பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே மெனுதான், அன்று போய் உட்கார்ந்தபின் மாற்றித் தர மாட்டார்கள்.